சஹனில் உட்கார்ந்து இளைத்தவள்

சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு உடம்பும் தேறும், மனசும் தேறும் என்று இப்போது டிவியில் ஒருத்தி தினமும் சொல்கிறாள். சொல்லட்டும் பாவம், அவளுக்கும் பிழைப்பு இருக்கிறதே. எங்கள் கோவளத்து வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் என் மகள் ஈர்க்குச்சி ஆனாள்.

வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு தட்டு கிடையாது. சஹன்தான். பெரிய வட்டத் தாம்பாளம். நடுவில் சோற்றைக் கொட்டி மேலே மீனை அடுக்கினால், சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவது. பிள்ளைகளுக்கு ஒரு சஹன், ஆண்களுக்கு ஒன்று. எல்லாரும் எழுந்த பிறகு மிச்ச மீதியோடு சமையல்கட்டில் பொம்பளைகள்.

சஹனுக்கு மரியாதை உண்டு. நல்ல துண்டு உன் பக்கம் வந்தால் அடுத்தவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். வாயைத் திறந்து பேசக் கூடாது. இரண்டையும் காவல் காக்க என் மாமியார் விசிறியோடு உட்கார்ந்திருப்பார். பேசினால் விசிறிக் காம்பு முதுகில் விழும். தள்ளினால் பாராட்டு விழும்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம். தாயத்து கட்டினோம். மீன் எண்ணெய் ஊற்றினோம், துப்பினாள். ஓதிய தண்ணீர் கொடுத்தோம், அது மட்டும் உள்ளே போனது. அவள் பக்கத்தில் உட்காரும் என் ஓர்ப்படி மகனோ, அதாவது கொழுந்தனார் பிள்ளை, பூசணிக்காய் மாதிரி உருண்டுகொண்டு வந்தான்.

அப்போதுதான் செங்கல்பட்டிலிருந்து நாத்தனார் வந்து இறங்கினார். அவர் வீட்டில் கறவை மாடு உண்டு, பிள்ளை இல்லை. என் மகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"இன்னா அண்ணாத்த, புள்ள வளக்கிறீங்களா, கருவாடு காயப் போடுறீங்களா? வர்ற வெள்ளிக்கெழம நான் இட்டுகினு போறேன். எங்கூட்ல பாலு கீது, நெய்யி கீது. தேறட்டும், அப்பால பாத்துக்கலாம்."

என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. சஹனில் பழகிய வாய். மாமியாரும் தலையாட்டிவிட்டார். பிள்ளையில்லாத மடியில் போய் உட்கார்ந்த பிள்ளை எந்த ஊரில் இறங்கி வந்திருக்கிறது?

மறுநாள் மத்தியானம் பிள்ளைகளோடு சஹனில் நானும் போய் உட்கார்ந்தேன். மாமியாருக்கு விசிறியே நின்றுபோனது.

"இன்னாடி இது? ஆம்பளைங்க இன்னும் கை கய்வல, மருமவ குந்திகினா?"

"பசிக்குது மாமி."

"ஒனக்குன்னு தனியா வருதோ பசி?"

"சொல்லிட்டு வரல மாமி."

அன்றைக்குச் சங்கரா மீன். இளைத்த பிள்ளையாயிற்றே என்று எல்லாப் பிள்ளைகளும் நல்ல துண்டுகளை என் மகள் பக்கம் தள்ளின. அவள் என்ன செய்தாள்? அத்தனையையும் வழித்துப் பூசணிக்காய் பக்கம் தள்ளினாள். அவன் அதை யார் பக்கமும் தள்ளவில்லை.

"பாத்தியா என் பேத்திய! இன்னா மனசு!" என்றார் மாமியார். இந்தப் பாராட்டைத்தான் நானும் தினமும் சமையல்கட்டிலிருந்து கேட்டுப் பூரித்துக்கொண்டிருந்தேன். மரியாதை கற்றுக்கொடுத்தே பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறோம்.

"ஏண்டி, நீ துன்னாம அவனுக்கு ஏன் தள்றே?" என்று மகளிடம் குனிந்து கேட்டேன்.

"துன்னா ஊமையாட்டம் குந்திகினே இருக்கணும். தள்ளிட்டா சீக்கிரம் எயுந்து போலாம்."

"அப்ப பேசிகினே துன்னு."

"ஆயா அடிக்கும்."

"என்னையும் சேத்து அடிக்கட்டும். பேசு."

அவள் மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாற்காலியில் தூங்கிப்போனாராம். எங்கிருந்தோ ஓர் ஆடு வந்து அவர் வேட்டியைத் தின்ன ஆரம்பித்ததாம். விசிறிக் காம்பு மேலே போனது.

"அடிங்க மாமி. ஆனா ஆடு எதுவரைக்கும் துன்னுச்சுன்னு கேட்டுகினு அடிங்க."

காம்பு மேலேயே நின்றது. மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "எதுவரைக்கும்டீ?"

முட்டி வரைக்குமாம். பூசணிக்காய்க்குச் சிரித்துப் புரையேறியது. அவள் கதை சொல்லச் சொல்ல, நான் முள்ளெடுத்து முள்ளெடுத்து அவள் பக்கம் வைத்தேன். வாய் கதையில் இருந்தது, கை தன்பாட்டுக்குச் சோற்றில் இருந்தது. தான் சாப்பிடுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குப் பையைக் கட்டி வைத்துவிட்டு நாத்தனாரும் சஹனில் வந்து உட்கார்ந்தார். கதை கேட்கத்தான், வேறெதற்கு? அன்று கதையில் ஆடு போய் வாத்தியார் பெண்டாட்டி வந்திருந்தாள். எனக்கும் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. பஸ் சத்தம் வந்தது, போனது. நாத்தனார் எழுந்திருக்கவில்லை. சஹன் காலியான பிறகு அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவரு கடையிலயே துன்னுட்டு வந்துடுறாரு அண்ணி. இவள இட்டுகினு போனா, நானும் இவளும் மாட்ட பாத்துகினுதான் துன்னணும். இங்கயே இருக்கட்டும்."

கூடுதலாகப் பத்து நாள் தங்கிக் கன்னத்தில் சதை வைத்துக்கொண்டு தனியாகத்தான் பஸ் ஏறினார். மகளுக்கு விலா எலும்பு மறைய மாசக்கணக்கு ஆயிற்று. ஆனால் மறைந்தது.

ஓர்ப்படிதான் என்னோடு சண்டைக்கு வந்தாள். "ஒம் பொண்ணு வாயத் தொறந்தா, எம் புள்ள எளச்சிட்டான்!"

"அவனையும் பேசச் சொல்லு" என்றேன்.