ஸ்பேர்ஸ் அறையில் 'இருக்கு' அண்ணன்

அந்தக் கார் ஷோரூமுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளக்கும் நாலு புதுக் கார்கள். கடைசியில் கண்ணில் படுவது, அதுவும் தேடினால்தான் படுவது, சர்வீஸ் கொட்டகையைத் தாண்டி, கழிவறைக்குப் பக்கத்தில், உதிரிச் சாமான் வைக்கிற ஸ்பேர்ஸ் அறை. முதலாளி அந்த நாலு கார்களால்தான் தன் பிழைப்பு ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும். கார் வாங்கிய ஆள் மறுபடி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா மாட்டானா என்பதை முடிவுசெய்வது அந்தக் கடைசி அறைதான்.

அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளக் கணக்கில் மட்டும்தான் உண்டு. மற்றவர்களுக்கு அவர் 'இருக்கு' அண்ணன். மெக்கானிக்குகள் சின்ன ஜன்னலில் தலையை நீட்டுவார்கள்.

"அண்ணே, முன் பிரேக் பேட்?"

"இருக்கு."

"வைப்பர் பிளேடு?"

"இருக்கு."

"சனிக்கிழமை லீவு இருக்காண்ணே?"

"இருக்கு. ஆனா அது முதலாளி அலமாரியில இருக்கு."

விளையாட்டுக்குக்கூட அவர் வாயிலிருந்து 'இல்லை' வராது. அதற்குக் காரணம் உண்டு. வாலிப வயதில் ஒரு மருத்துவமனை மருந்து ஜன்னலில் வேலை பார்த்தார். பெரும்பாலும் அவருடைய வேலை, சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு "ஸ்டாக் இல்ல" என்று திருப்பிக் கொடுப்பது. சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பும் முகங்களை அவரால் தாங்க முடியவில்லை. கார் சாமான் அறைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் ஓடி வந்துவிட்டார். ஒரு போல்ட்டுக்காக யாரும் அழமாட்டார்கள், இங்கேயாவது நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தார். போல்ட்டுக்காகவும் மனிதர்கள் அழுவார்கள் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த அறையை அவர் வைத்திருக்கிற அழகே அழகு. அடிக்கடி கேட்கும் சாமான் கையெட்டும் உயரத்தில். கனமானது கீழே, இடுப்பு பிடித்துக்கொள்ளக் கூடாதே என்று. கண்ணாடிச் சாமான் எல்லாம் கதவிலிருந்து தூரத்தில், ஏனென்றால் மெக்கானிக்குகளுக்குக் கதவைத் தோளால் திறந்துதான் பழக்கம். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே வைப்பர் வந்து இறங்கியிருக்கும். கொட்டகையில் ஏதாவது ஒரு வண்டி கிறீச்சிட்டால், அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு ஆர்டரில் ஒரு பேரிங் சேர்த்துக்கொள்வார். கம்ப்யூட்டர் சொல்வதையும் மதிப்பார். ஆனால் எழுந்துபோய் அலமாரியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் 'இருக்கு' என்பார்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. வேண்டாம் என்று திரும்பி வரும் சாமானை, கொண்டுவந்தவன் எதிரிலேயே டப்பாவைப் பிரித்துப் பார்த்துத்தான் உள்ளே வைப்பார். மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம்: புதுச் சாமானை எடுத்து வண்டியில் மாட்டிவிட்டு, கழற்றிய பழசை அந்தப் புது டப்பாவிலேயே போட்டு மூடிவிடுவார்கள். மேசை அழுக்காகாது பாருங்கள். அதனால்தான் இந்தச் சோதனை. "என்னண்ணே, ஏர்போர்ட்டுல பெட்டியக் கிளறுற மாதிரி கிளறுறீங்க" என்று கிண்டல் செய்வார்கள். அவர் பாட்டுக்குப் பிரிப்பார்.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன். வேறு யாருமில்லை, அண்ணனுடைய மனைவியின் தம்பிதான். வேலையில் கெட்டி, கோபத்தில் அதைவிடக் கெட்டி. ஒருமுறை அவன் எதிரில் டப்பாவைப் பிரித்ததற்கு, "என்னையே சந்தேகப்படுறீங்களா மாமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன், அக்கா வீட்டுப் பக்கம் ரொம்ப நாள் எட்டிப் பார்க்கவில்லை. அக்காவும் கணவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எதற்கு வம்பு என்று அதற்குப் பிறகு மச்சான் கொண்டுவரும் டப்பாவை மட்டும் பிரிக்காமலே வாங்கி வைத்துவிடுவார். பெரிய தப்பு. ஆனால் மச்சினன் உள்ள எவனும் செய்யக்கூடிய தப்பு.

அந்தத் தப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை அரைநாள் திறந்திருந்தபோது, வெளியே வந்தது.

காலையில் ஒரு அம்மா போன் செய்தாள். நடக்க முடியாத பிள்ளைகளைச் சக்கர நாற்காலியோடு பள்ளிக்கு அழைத்துப்போகும் வேன் அவளுடையது. பின்பக்கம் சாய்தளம் வைத்த வேன். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, என்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் ஃபியூயல் பம்ப் போய்விட்டது என்று பக்கத்து மெக்கானிக் சொல்லிவிட்டான். "அண்ணே, பழைய மாடல் வண்டி. பம்ப் இருக்குமா? நாளைக்குப் பிள்ளைங்களுக்குப் பரீட்சை."

அவர் எழுந்துபோய்ப் பார்த்தார். அலமாரியில் ஒரே ஒரு டப்பா. கையில் தூக்கியும் பார்த்தார், கனம் சரி.

"இருக்கும்மா. இழுத்துட்டு வாங்க."

அவள் வேறொரு இடத்தில் அதே போன்ற சாய்தள வேன் ஒன்றை நாளைக்கு வாடகைக்குப் பேசி வைத்திருந்தாள். 'இருக்கு' என்ற சொல் காதில் விழுந்ததும் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வண்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். ஃபோர்மேன் வேனின் பின்சீட்டைத் தூக்கிப் பழைய பம்பைக் கழற்றி வைத்துவிட்டு, "குடுங்க மாமா" என்று கை நீட்டினான். அண்ணன் டப்பாவைப் பிரித்தார்.

பெட்ரோல் வாடை. புதுப் பம்பில் எங்கிருந்து வரும் பெட்ரோல் வாடை? உள்ளே கறுத்துப்போன பழைய பம்ப் ஒன்று படுத்திருந்தது.

அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. சில மாதங்களுக்கு முன்பு மச்சான் இரண்டு வண்டிகளுக்கு இரண்டு பம்ப் வாங்கிப்போனான். ஒரு வண்டியில் வெறும் வயர் கோளாறு. தேவைப்படாத பம்ப் என்று ஒரு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தான். மாற்றிக் கொடுத்திருக்கிறான். பழசு அலமாரிக்கு வந்துவிட்டது, புதுசு கழிவோடு போய்விட்டது.

அந்த அம்மா எதிரில் நின்றுகொண்டிருந்தாள். "என்னண்ணே?" என்றாள். மருந்து ஜன்னலில் பார்த்த அதே முகம்.

வாடகை வேனுக்குப் போன் செய்தாள், அதற்குள் அது வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது. அண்ணன் தனக்குத் தெரிந்த கடைகளையெல்லாம் கூப்பிட்டார். எங்குமில்லை. கிடங்கில் கேட்டால் வந்துசேர மூன்று நாள் ஆகும் என்றார்கள். ஷோரூமில் நிற்கும் புதுக் கார்களின் பம்ப் இந்த வேனுக்குப் பொருந்தாது. சத்தம் கேட்டு முதலாளி வந்துவிட்டார்.

"யாரு பார்த்த வேலை இது?"

ஃபோர்மேன் டப்பாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அவனுக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்பது அவன் காதைப் பார்த்தாலே தெரிந்தது, அப்படிச் சிவந்திருந்தது.

"பிரிச்சுப் பார்க்காம வாங்கி வெச்சது நான்தான் சார்" என்றார் அண்ணன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

பிறகு சட்டைப் பையிலிருந்து தன் கார் சாவியை எடுத்து மச்சானிடம் நீட்டினார். வாசலில் நிற்கும் அவருடைய பழைய காரும் இந்த வேனும் ஒரே கம்பெனி, ஒரே என்ஜின். பம்ப் போன வருஷம்தான் புதுசாக மாற்றியது.

"மாமா, நாளைக்கு நீங்க..." என்று இழுத்தான் அவன்.

"கழட்டு மாப்ள."

மறுநாள் விடிந்ததும் அவரும் மனைவியும் அந்தக் காரில் மகள் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. முதல் பேத்தி. இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அது மச்சானுக்கும் தெரியும். அவன் போய்க் காரின் பின்சீட்டைத் தூக்கினான். அடியில், அவன் அக்கா தன் வீடு பூரா தேடி ஓய்ந்துபோன தலை கிளிப் ஒன்று கிடந்தது. துடைத்து மாமா கையில் கொடுத்தான்.

அந்தப் பம்பை மாட்டியதும் வேன் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. அந்த அம்மா வண்டியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு வீடாகப் போன் போட்டு, "நாளைக்கு வண்டி இருக்கு, பிள்ளையத் தயாரா வைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஜன்னலுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்ட மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'இருக்கு' என்று கூப்பிடுகிறார்களே என்று எனக்கு முன்பெல்லாம் வருத்தம். அன்றோடு அது போய்விட்டது.

சாயங்காலம் பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்தார். கூடத்தில் கட்டிய பைகள் வரிசையாக நின்றன. மனைவி வாசலை எட்டிப் பார்த்தாள்.

"வண்டி எங்க?"

"இல்ல."

கடையில் வராத அந்தச் சொல் வீட்டில் தாராளமாக வரும். நேரம் கேட்டால் இல்லை, லீவு கேட்டால் இல்லை. அவர் சமாதானத்துக்குக் கிளிப்பை மேசைமேல் வைத்தார்.

"காரக் குடுத்துட்டுக் கிளிப்ப வாங்கிட்டு வந்தீங்களா?" நடந்ததைக் கேட்டு முடித்ததும் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "உலகத்துக்கெல்லாம் இருக்கு, எனக்கு மட்டும் எப்பப் பாரு இல்ல! டப்பாவுல பழசப் போட்ட மகராசன் யாரு? அவன் வண்டியில கழட்ட வேண்டியதுதானே?"

"யாரோ. நான் பார்க்காம வெச்சேன், அவ்வளவுதான்."

"நீங்க சொல்ல மாட்டீங்க. என் தம்பிகிட்டயே கேக்குறேன்" என்று போனை எடுத்தாள். அவர் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் ஆரம்பித்த வேகத்தில் பாதியிலேயே நின்றுவிட்டாள். போனில் அவன் குரல் அவருக்கும் கேட்டது.

"அக்கா, மாமாவத் திட்டாத. அது நான்தான். அவருக்கும் தெரியும். முதலாளி கேட்டப்பக்கூட என்னைக் காட்டிக் குடுக்கல. நாளைக்குக் காலையில முதல் வேலையா நானே சொல்லிடுறேன். இனிமே நான் குடுக்குற டப்பாவையும் பிரிச்சுப் பார்க்கச் சொல்லுக்கா."

அவள் போனை வைத்தாள். மேசையிலிருந்த கிளிப்பை எடுத்துத் தலையில் குத்திக்கொண்டாள்.

"பரீட்சைக்குப் போற பிள்ளைங்க நல்லா எழுதட்டும்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "சரி, நம்ம பேத்தி ஊருக்குக் காலையில பஸ் இருக்கா?"

'இரு' என்பதுவரை அவர் நாக்கில் வந்துவிட்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டார். எழுந்து செருப்பை மாட்டினார்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.