வியாழக்கிழமைக்கு ஒசெல்லா சொன்ன பதில்

என் வீட்டுக்காரர் கார்ல்டனை அடக்கம் பண்ணிவிட்டு சபைக்கூடத்துக்கு நாங்கள் திரும்பியபோது, மேசையில் கோழி வறுவல் சூடாக இருந்தது. பீன்ஸ், உருளைக்கிழங்கு, சோளரொட்டி எல்லாம் இருந்தது. யார் சமைத்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒசெல்லா பின்கதவு வழியாகப் போவதைப் பார்த்தேன். சர்க்கரை வியாதிக்காரி. கால் வீங்கியிருந்தது.

எங்கள் ஊர் காலுறை ஆலையில் தையல் இயந்திரத்தில் இருந்தவள் அவள். அந்த வருஷம்தான் ஆலையை மூடினார்கள். வட கரோலினாவில் ஆலை மூடுவது புதிதில்லை. என் அப்பாவுக்கு வேலை போனபோது அக்கம்பக்கத்தில் அநேகமாக எல்லார் வீட்டுக்கும் அரசாங்கத்தின் வேலையிழப்புப் பணம் வந்தது. இப்போது கேள்விகள் கூடிவிட்டன, பணம் வருகிற வீடு குறைந்துவிட்டது. கிடைக்காது என்று பாதிப் பேர் கேட்கவே போகவில்லை. எங்கள் சபையில் ஒசெல்லாவுக்குக் கிடைத்தது. கர்த்தர் செய்த உதவி என்று சாட்சி சொன்னாள். அதில்தான் வீட்டு வாடகை, அதில்தான் மருந்து.

அந்தப் பணம் வர, வாரா வாரம் போனில் இயந்திரம் கேட்பதற்குப் பதில் அமுக்கவேண்டும். வாரத்தில் எல்லா நாளும் வேலைக்குப் போகத் தயாராக இருந்தாயா என்று அது கேட்டது. அடக்கம் நடந்தது வியாழக்கிழமை. ஒசெல்லா 'இல்லை' என்று அமுக்கினாள். பணம் நின்றுபோனது.

ஆலையில் அவளோடு வேலை பார்த்த டுவைட்டுக்குத் தாங்கவில்லை.

"ஏன்க்கா, மெஷின்கிட்டயா போய் பாவ அறிக்கை பண்ணுவ? ஆமான்னு அமுக்கிட்டுப் போறதுக்கென்ன?"

"வியாழக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டிருந்தா நான் போயிருக்க மாட்டேனே டுவைட்."

"உன்னை எவன் கூப்பிட்டான்?"

"யாரும் கூப்பிடல. தயாரா இருந்தியான்னுதானே அது கேட்டுச்சு."

மேல்முறையீடு செய்தாள். அதிகாரி போனில் விசாரித்த அன்று நான் அவள் பக்கத்தில் ஜெபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"அன்னைக்கு என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"சாவுக்குச் சமைச்சேன் சார்."

"உங்க சொந்தக்காரரா?"

"சபைக்காரர்."

"சரி. இனிமே எல்லா நாளும் வேலைக்குத் தயாரா இருப்பீங்கதானே?"

ஆமாம் என்று சொல், சொல் என்று அவள் கையை அழுத்தினேன். கொஞ்சம் யோசித்தாள்.

"இருப்பேன் சார். எங்க சபையில யாராவது செத்தா மட்டும் அன்னைக்கு வரமாட்டேன்."

அப்படியே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். பணம் திரும்ப வரவில்லை.

வேறு வேலை தேடிப் பார்த்தாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு நிற்கிற வேலைக்கு யாரும் எடுக்கவில்லை. வீட்டைக் காலி பண்ணிவிட்டு பால்டிமோரில் இருக்கிற தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். வழியில் சாப்பிடக் கோழி வறுத்து எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். அதற்குப் பிறகு அவளைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் கர்த்தரிடம் போய்விட்டாள்.

அன்று பஸ் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"மேவிஸ், சபை அடுப்புல இடது பக்கம் தானா பத்தாது. தீக்குச்சி வச்சுத்தான் பத்தவைக்கணும். இனிமே யாராவது போனா நீதான் சமைக்கணும், பாத்துக்க."