காந்தத்தைத் தாண்டிய மின்னோட்டம்

பழனிவேல் போய்விட்டார் என்று அவர் தம்பி சோளக்காட்டிலிருந்து போனில் சொன்னபோது, நான் எங்கள் சென்னை ஆய்வகத்தில் அவருடைய நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். "லீவுக்கு ஊட்டுக்கு வந்தவரு, மொளகுக்கொடிகிட்ட நெஞ்சப் புடிச்சிட்டு உழுந்துட்டாருங்க." அட பாவி மனுஷா, இப்படியா என்னைத் தனியாக விட்டுப் போவீர்!

அவரோடு வேலை பார்த்த எவருக்கும் அவர் பிடிவாதம் தெரியும். மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து தடையே இல்லாமல் ஓடும். இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே காந்தப் படலம் வைத்தால், அது எதிரெதிராகச் சுழலும் அந்த ஜோடியை ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். ஜோடி பிரியும், மின்னோட்டம் செத்துவிடும். "காந்தத்த எதுத்துப் போக முடியாதுங்க. ஜோடியவே அதுக்குத் தகுந்தாப்ல திருப்பி அனுப்போணும்" என்பார். அதற்காகச் காந்தத் திசை சாய்ந்த படலங்களை ஓரங்களில் சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் மின்னோட்டம் ஓடியது. தடித்த படலத்தைத் தாண்டி ஓடியது. குதித்துக்கொண்டே ஊருக்குப் போன் போட்டார். அவர் அம்மா பலாப்பழத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டார். அளவீட்டு அறைக்குள் இரும்பு வரக்கூடாது என்பது பழனிவேலின் சட்டம். அம்மாவின் தாலிக்கயிற்றில் கொத்தாக ஊக்குகள். "தாலியில கெடக்கறதக் கழட்ட மாட்டேன் சாமி" என்று வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அதன்பின், மீக்கடத்திகளும் படலமும் சேர்ந்த அந்தச் சந்தியில் மின்னோட்டம் வரவே இல்லை. புதிதாகச் செய்த எதிலும் வரவில்லை. முதல் அளவீட்டையாவது வெளியிடுவோம் என்று கெஞ்சினேன். "ஒருக்கா வந்தா வந்ததா ஆயிருமுங்களா?" என்று மறுத்துவிட்டார்.

மலைமேல் அவர் ஊர்ப்பக்கமான வளப்பூர் நாட்டில் சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஊக்கோட வந்து நின்னனே, அதுலதான் கெட்டுப்போச்சுங்களா?"

"ஐயோ, இல்லீங்கம்மா! கருவி காந்தம் புகாத கூட்டுக்குள்ள இருக்குது. வாசல்ல நிக்கிற ஊக்கு அத ஒண்ணும் பண்ணாதுங்க."

"அவனும் இதத்தான் சொன்னான் கண்ணு. அப்பறம் எதனால நின்னுச்சு?"

"தெரியலீங்கம்மா."

அந்த ஒரு சொல்லால் என் சமாதானம் அத்தனையும் வீணாய்ப் போனது. பொய்யாக ஒரு காரணம் சொல்லியிருக்கலாம். பழனிவேலின் வீட்டில் நின்றுகொண்டு அது முடியவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, தெரியாததைத் தெரியாது என்னும் அந்தச் சொல்தான், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாவு வீடு என்பதால் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். அப்போதுதான் கவனித்தேன், அம்மாவின் தாலிக்கயிற்றில் இப்போது ஒரு ஊக்குகூட இல்லை.