சுற்றிப் போன வண்டி

அப்பாவை ஏற்றிய பிரேத வண்டியின் ஓட்டுநர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். வாயில் எப்போதும் ஏலக்காய். மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் முன் என்னைக் கேட்டார்:

"தம்பி, அப்பா வழக்கமா எங்க தே தாரிக் குடிப்பாரு?"

"ஸ்டேஷன் பக்கத்துக் கடையில அண்ணே. சுத்து வழியாச்சே?"

"பரவால்ல லா. அந்தப் பக்கமாவே போவோம்."

கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் குவளையை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றார். அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. நான் அடங்கும்வரை ஓட்டுநர் ஏலக்காயை மென்றபடி சாலையையே பார்த்திருந்தார்.

அப்பா போய்ச் சில மாதங்கள் கழித்து, போன வாரம் அதே வண்டி ஒரு லாட்டரிக் கடை முன்னால் நின்றிருந்தது. யாருடைய அப்பாவோ! சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும், அது நகரும்வரை நானும் ஓரமாக நிறுத்திய காரை எடுக்கவில்லை.