டார்ச் வெளிச்சத்தில் எழுதிய விமர்சனம்

இரண்டு பேட்டரி போடும் அந்தத் தகர டார்ச் இன்னும் என்னிடம் இருக்கிறது. பனச்சமூட்டில் தியேட்டர் இருந்த காலத்தில், டிக்கெட் கிழித்து ஆட்களை இருட்டில் உட்காரவைத்தது இதைக்கொண்டுதான். பிள்ளைகள் படம் ஓடும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை. டார்ச்சைத் தரையில் சாய்த்து, அந்த மங்கலில் முகங்களைப் பார்ப்பேன். எங்கே சிரித்தார்கள், எங்கே பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்தார்கள், எந்த இடத்தில் ஒன்றுக்குப் போக எழுந்தார்கள் என்று கிழித்த டிக்கெட்டுகளின் பின்புறம் குறித்துவைப்பேன்.

தனுவச்சபுரத்துத் தமிழ் சார் எங்கள் திருச்சபையின் மாத இதழில் சிறுவர் சினிமா விமர்சனம் எழுதிவந்தார். படம் பார்க்கமாட்டார். டீக்கடைக்கு வந்து, "எலே, இன்னைக்கி பிள்ளைகள் எங்கெல்லாம் சிரிச்சுது?" என்பார். ஆட்களிடம் பேசக் கூசுகிற நான் அவரிடம் மட்டும் எல்லாம் சொல்வேன். "ஒரு பிள்ளை சிரிச்சாலும் அத எழுதணும் சார். அந்தப் பிள்ளைக்கி அது நல்ல படமாக்கும்" என்றேன் ஒருநாள். அடுத்த மாதம் அது அவர் பெயரில் வந்தது. போதகர் அதைப் பிரசங்கத்திலும் எடுத்துச் சொன்னார்.

கீழே சின்னதாக என் பெயரையும் போடலாமா என்று கேட்டேன். டீக்கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "நாலாங்கிளாசுக்காரனுக்க பேரப் போட்டா பின்ன யாருடே வாசிப்பா? நீ டிக்கெட்டக் கிழி மக்கா, போதும்." எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் என்பது இப்போதும் நினைவிருக்கிறது. குறிப்பெடுத்துப் பழகிய கண்.

தியேட்டர் போயிற்று. ஓய்வுபெற்ற சார், பிள்ளைகளுக்காகத் தாமே ஒரு படம் எடுக்கப் போனார். இதழில் காலியான அவர் பக்கத்துக்கு நான் எழுதி அனுப்பினேன். என் பெயரோடு வந்தது. போன மாதம் சாரின் படத்தைச் சபை மண்டபத்தில் போட்டார்கள். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா பாத்து எழுது மக்கா. ஒனக்க எழுத்த வச்சாக்கும் மத்த சபைகள்லயும் இந்தப் படம் ஓடணும்." அவர் அப்படிக் கேட்டு நின்றது எனக்கு நன்றாக இருந்தது.

டார்ச்சோடு ஓரமாக நின்றேன். எட்டாவது நிமிடத்தில் முதல் பிள்ளை ஒன்றுக்குப் போனது. பிறகு கூட்டமாகப் போனார்கள். முன்வரிசையில் நாலுபேர் செருப்புகளை மாற்றிப் போட்டு விளையாடினார்கள். எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு வரிகூடப் பொய்யில்லை. வேறெந்தச் சபையும் அந்தப் படத்தைக் கேட்கவில்லை. சார் என்னைக் கண்டால் இப்போது வழி மாறிப் போகிறார்.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கடைசி வரிசையில் ஒரு சிறுமி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படம் முடியும்வரை சிரித்தாள். அவளுக்கு அது நல்ல படம். நான் டார்ச்சை அணைத்துவிட்டேன்.