ஆர்லிஸ் பின்னால் தூங்குகிறாள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள் அரிசோனாப் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால், கட்டின வீட்டை விற்றுவிட்டு, பண்ணின கல்யாணத்தைச் சக்கரம் வைத்த பெட்டிக்குள் நடத்திப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்.

எங்கள் வண்டிப் பேட்டைக்குப் பெயர் ‘குளிர்நிழல்’. குளிரும் கிடையாது, நிழலும் கிடையாது. நாலு கள்ளிகள் நிற்கின்றன. யூமா நகரத்துக்கு வெளியே, கீரை வயல்களைத் தாண்டி இருக்கிறது. அக்டோபர் முடிந்ததும் வடக்கே பனிக்குப் பயந்த கிழடுகட்டைகள் எல்லாம் வீட்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கும். நானும் அதில் ஒரு கட்டைதான். கோரின் என்றால் பேட்டையில் தெரியாதவர் இல்லை. வாய் அப்படி.

சாயங்காலம் ஆனால் ஆளாளுக்கு ஒரு மடக்கு நாற்காலியும் கையில் ஒரு கோப்பையுமாகக் கூடிவிடுவோம். ஓய்வு பெறப்போகிற ஜோடி ஏதாவது ஒன்று நோட்டம் பார்க்க வரும். “இந்த வாழ்க்கை எங்களுக்கு ஒத்துவருமா?” என்று கேட்கும். “பேஷா ஒத்துவரும்!” என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம். வேறென்ன சொல்வது? ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் யோசிக்க வேண்டியிருக்கும். யோசிப்பதற்கா வீட்டை விற்றுவிட்டு இத்தனை தூரம் வந்தோம்?

அந்தக் கேள்விக்கு எங்கள் எல்லோரையும்விட உரக்கப் பதில் சொன்னவர் டெல்மர். இத்தனைக்கும் அது அவருக்கு முதல் குளிர்காலம்.

டெல்மர் மினசோட்டாக்காரர். ஒரு சின்ன ஊர் வானொலியில் காலையில் மக்காச்சோள விலை, மத்தியானம் பன்றி விலை, ராத்திரி பனி எத்தனை அங்குலம் என்று காலமெல்லாம் வாசித்தவர். வெண்கலக் குரல். அந்த வேலையில் ஒரு சௌகரியம், கேட்கிறவன் குறுக்கே பேச முடியாது. ஓய்வு பெற்ற மறுமாதமே பஸ் நீளத்துக்கு ஒரு வீட்டு வண்டியை வாங்கினார். கட்டில், அடுப்பு, குளியலறை, தோல் சோபா, எல்லாம் உள்ளேயே. பள்ளிக்கூட பஸ்கூட ஓட்டிப் பழக்கமில்லாத மனுஷனுக்கு அத்தனை பெரிய வண்டியின் சாவியைக் கொடுக்கிற தேசம் எங்களுடையது.

அவர் மனைவி ஆர்லிஸ். பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருந்தவள். வாயைத் திறந்தபடி பேச முடியாமல் கிடப்பவர்களின் கண்ணைப் பார்த்தே வலியைப் புரிந்துகொண்டவள். அவளுக்கு ஊரில் ஒரு மஞ்சள் வீடு இருந்தது. கீழறையில் தையல் மேஜை, அதற்கு ஒரு கதவு, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி அவள் பேசும்போது மற்ற பெண்கள் வைர மோதிரத்தைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

டெல்மருக்கு அந்த வீட்டை விற்றுவிட வேண்டும். “புல் வெட்டறது, பனி தள்ளறது, கூரை ஒழுகறது... எதுக்கு இந்தத் தலைவலி? வருஷம் பூரா ரோட்லயே இருக்கலாமே!” என்பார். சர்ச்சில் பாடுகிற ஒரு இளம் ஜோடி வாங்கத் தயாராக இருந்தது. ஆர்லிஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“ஒரு குளிர்காலம் இருந்து பாக்கறேன். ஈஸ்டர் அன்னிக்கு என் பதிலச் சொல்றேன். அதுவரைக்கும் வீட்டப் பத்தி மூச்சு விடக்கூடாது.”

டெல்மர் மூச்சு விடவில்லை. அதற்குப் பதிலாக, அந்தக் குளிர்காலம் முழுக்க அவளிடம் நல்லபேர் எடுக்கிற வேலையில் இறங்கினார். நல்லபேர் எடுக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். எது கெட்டாலும் மறைப்பது.

வந்த அன்றே தொடங்கியது. புதிதாக வருகிறவர்கள் வண்டியைப் பின்னால் எடுத்து இடத்தில் நிறுத்துவதை நாற்காலி போட்டுப் பார்ப்பது எங்கள் பேட்டை வழக்கம். புருஷன் ஓட்டுவான், பெண்டாட்டி பின்னால் நின்று கை காட்டுவாள். பாதி ஜோடிகள் அதற்கப்புறம் ஒருநாள் முழுக்கப் பேசிக்கொள்வதில்லை. ஆர்லிஸ் இரண்டு கையையும் உயர்த்தி நிறுத்து, நிறுத்து என்றாள். டெல்மர் பின்னால் எடுத்துக்கொண்டே இருந்தார். பேட்டையின் மரமேஜை படுத்துவிட்டது. இறங்கி வந்து, “இந்த மேஜைய யாரு இங்க தள்ளிவிட்டது?” என்று கேட்டாரே பார்க்கலாம். மேஜைக்குக் கால்கள் சிமெண்டில் புதைந்திருந்தன.

பிறகு, வண்டியோரம் நிழலுக்கு விரித்த கூடாரத் துணியை மடக்க மறந்து வண்டியைக் கிளப்பிக் கிழித்துக்கொண்டார். ஆர்லிஸிடம் காற்று என்றார். அன்று கொடியில் காய்ந்த துணிகூட அசையவில்லை. கழிவுக் குழாய் கழன்று செருப்பெல்லாம் அபிஷேகமானது. செருப்பைக் குப்பையில் போட்டுவிட்டு, “கோரின், நீ எதையும் பாக்கல, என்ன?” என்றார்.

“நான் பாக்கல டெல்மர். ஆனா மூக்க என்ன பண்றது?” என்றேன்.

அந்தக் குழாய் விவகாரத்துக்குப் பிறகுதான் அவர் சட்டம் போட்டார். இதை எங்கள் பேட்டையில் பாதி ஆண்கள் போட்டிருக்கிறார்கள். ஊர்ப்பட்ட பணத்தைக் கொட்டிக் கழிப்பறையோடு வண்டி வாங்குவார்கள். வாங்கினபின், அதில் யாரும் போகக்கூடாது என்பார்கள். தொட்டி நிறைந்தால் அவர்கள்தானே காலி பண்ண வேண்டும்? அதனால் பெண்கள், நடு வழியில் பெட்ரோல் பங்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் கிணறு வெட்டிவிட்டு வாசல் குழாயில் தண்ணீர் பிடித்த கதை.

ஆர்லிஸ் எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. புன்னகைப்பாள். டெல்மர் அதைத் திருப்தி என்று எடுத்துக்கொண்டு, நாற்காலி வட்டத்தில் மார்தட்டுவார். “அவளுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. முகத்தப் பாத்தாலே தெரியல?” எங்களுக்குத் தெரிந்தது வேறு. அவள் தினமும் துணி துவைக்கும் அறைக்குப் போய், துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த அறைக்குக் கதவு உண்டு.

மார்ச் மாதம் ஏரிப் பக்கம் நாலு நாள் போய் மீன் பிடித்து வரலாம் என்று ஏற்பாடு. டெல்மர் விடியும்போதே கிளம்பிவிட்டார். எனக்கு விடியல் என்றால் எட்டு மணி. என் சின்ன வீட்டு வண்டியை என் குட்டி லாரிக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிதானமாகப் போனேன். பாதி வழியில், பாலைவனத்துக்கு நடுவில் ஒரு பெட்ரோல் பங்கு. பக்கத்திலேயே காப்பிக் கடை. உள்ளே நுழைந்தால், ஜன்னலோரம் ஆர்லிஸ் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுச் சட்டை. காலில் முயல் முகம் வைத்த பஞ்சுச் செருப்பு. எதிரில் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பண்டம் ஒரு துண்டு.

“டெல்மர் எங்க?” என்றேன்.

“போயிட்டிருக்காரு.”

“எங்க?”

“வடக்க.”

நடந்தது இதுதான். அவள் பின்கட்டிலில் படுத்திருந்தாள். டெல்மர் பெட்ரோல் போட இறங்கினார். சட்டப்படி வண்டிக் கழிப்பறை கூடாதே, அவளும் இறங்கிப் பங்குக் கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்தால் வண்டி இல்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, ஏறிக் கிளம்பிவிட்டார். அவளுடைய போன் கட்டிலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “இரு, நான் கூப்பிடறேன் அந்த மகானுபாவன” என்று போனை எடுத்தேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். “வேண்டாம் கோரின். அந்தக் கல்லாப் பொண்ணும் போன் குடுத்துச்சு. நம்பர் ஞாபகமில்லன்னு சொல்லிட்டேன்.”

“உன் புருஷன் நம்பர் உனக்கு ஞாபகமில்ல?”

“செல்போன் வாங்கினதுலேருந்து அதே நம்பர்தான்.” செர்ரிப் பண்டத்தில் ஒரு விள்ளலை முள்கரண்டியால் வெட்டினாள். “எப்பத் தெரியுதுன்னு பாக்கலாமே. அவ்வளவுதான்.”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அதைச் சாப்பிடவில்லை, ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்கு நோக்கி ஒரு பெரிய வண்டி வரும்போதெல்லாம் கொஞ்சம் நிமிர்வாள், கடந்து போனதும் சாய்ந்துகொள்வாள். காப்பி ஆறியது, வேறு காப்பி வந்தது, அதுவும் ஆறியது. என் புருஷன் உயிரோடு இருந்தபோது என்னைத் திட்டாத நாளில்லை, ஆனால் நான் இல்லாவிட்டால் திட்டுவதற்கு ஆளைத் தேடியாவது அரைமணியில் கண்டுபிடித்திருப்பான்.

ஒருவழியாக வந்தது வண்டி. பங்கின் நடுவில் கோணலாக நிறுத்திவிட்டு டெல்மர் ஓடி வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. சொல்லப்போகிற பொய்க்காக நான் காத்திருந்தேன். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது, கண்ணாடியில் வெயில் அடித்தது, ஏதாவது ஒன்று தயாராக இருக்கும்.

“ஆர்லிஸ், அந்தக் கதவு இருக்கே...” என்று ஆரம்பித்தார். அவளுடைய செருப்பைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

“எப்பத் தெரிஞ்சுது?” என்றாள் ஆர்லிஸ்.

“பசிச்சுது. சாண்ட்விச் கேட்டேன். வரல. உன் போனுக்கு அடிச்சேன். எனக்குப் பின்னாலயே மணி அடிச்சுது. நல்லாத் தூங்கறேன்னு நெனச்சுட்டேன். அப்புறம் ரொம்பப் பசிச்சுது. நிறுத்திட்டுப் பின்னால வந்து பாத்தேன்.”

“அதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தே?”

“பேசிட்டு வந்தேன்.”

“யாரோட?”

“உன்னோடதான்.”

கல்லாப் பெண் மேஜையைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

“என்ன பேசினே?” என்றாள் ஆர்லிஸ். அவள் குரலில் கோபமே இல்லை. பல் டாக்டரின் மேஜையில் இருந்தபோது ‘எந்தப் பல்லு?’ என்று இப்படித்தான் கேட்டிருப்பாள்.

டெல்மர் என்னைப் பார்த்தார். நான் ஏன் கண்ணைத் திருப்ப வேண்டும்? நன்றாகவே பார்த்தேன்.

“அந்தப் பையன் போன் பண்ணினான்” என்றார். “வீடு வாங்கறவன். ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்க முடியாது, வேற வீடு பாத்துட்டான், இன்னிக்கே சொல்லுன்னான். நான் பின்னால திரும்பிச் சத்தமாத்தான் கேட்டேன். ‘ஆர்லிஸ், சரின்னு சொல்லிரட்டுமா?’ன்னு. நீ ஒண்ணும் சொல்லல.”

“அப்புறம்?”

“சரின்னு சொல்லிட்டேன். நீயும் சரின்னுட்டேன்னு சொன்னேன்.”

மௌனம் சம்மதம் என்பார்கள். பெட்ரோல் பங்குக் கழிப்பறையில் இருப்பவளின் மௌனமும் அதில் சேர்த்தி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். என் வாயில் நல்ல வார்த்தை ஒன்றுகூட வரவில்லை, அதனால் சும்மா இருந்தேன். என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

“கையெழுத்து ஒண்ணும் போடலியே ஆர்லிஸ்” என்றார் டெல்மர். “நீ போடாம ஒண்ணும் ஆகாது.”

அவள் ஜன்னல் வழியாக அந்த வண்டியைப் பார்த்தாள். நீளமாக, பளபளவென்று, குறுக்கே நின்றுகொண்டிருந்தது.

“வீட்ல நான் கூப்பிட்டா உனக்குக் கேக்காது” என்றாள். “நீ ஷெட்ல இருப்பே, நான் கீழறைல இருப்பேன். வீடு பெருசு, அதான் கேக்கலன்னு நெனச்சுட்டிருந்தேன். அதனாலதான் இந்த வண்டிக்கே ஒத்துக்கிட்டேன் டெல்மர். இதுல கேக்கும்னு. இதவிடச் சின்ன வீட்டுக்கு நான் எங்க போறது?”

டெல்மர் உட்கார்ந்துவிட்டார். ஒரு ஊருக்கே விலை சொன்ன வாய், பல் டாக்டர் நாற்காலியில் கிடப்பவர் வாய்போலத் திறந்தபடி இருந்தது. எனக்கு அவர்மேல் பரிதாபமும் வந்தது. அந்த மனுஷன் அவளைத் துன்பப்படுத்த வேண்டும் என்று ஒருநாளும் நினைத்தவரில்லை. அவளைப் பற்றி நினைத்தால்தானே.

பிறகு அவரே போனை எடுத்தார். பையனுக்கு அடித்து, மணி போகும்போது ஆர்லிஸிடம் நீட்டினார். “நீயே சொல்லிரு. வேண்டாம்னு.”

அவள் வாங்கவில்லை. “நீ சொல்லு. நான் இங்கதான் இருக்கேன்.”

மறுமுனையில் பையன் உற்சாகமாக என்னவோ பேசினான், எங்களுக்கே கேட்டது. டெல்மர் தொண்டையைக் கனைத்தார். “தம்பி, வீடு விக்கறதுக்கில்ல. மன்னிச்சுக்கோ. நீ வேற பாத்துக்கோ.” பையன் ஏதோ கேட்டான். “இல்ல, இல்ல, அவ மனசு மாறல. ஆர்லிஸ் முதல்ல...”

அங்கே நிறுத்தினார். எதிரில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தார். அந்தக் குளிர்காலத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

“நான் அவளக் கேக்கவே இல்லப்பா” என்றார். “அவ வண்டிலயே இல்ல.”