மலரக்காவின் இரண்டு சேர்வர்கள்

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். மலரக்கா போய்விட்டார் என்று அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னபோது, என் வாயில் முதலில் வந்தது, "ஐயோ, அப்ப பாஸ்வேர்ட்?" என்பதுதான்.

தங்கை, "நீங்கள் இதைத்தான் கேப்பியள் எண்டு அக்கா சொன்னவா. மனேஜரிட்டக் குடுத்திட்டாவாம்" என்றார். அக்காவைத் தெரிந்தவர்கள் நம்புவீர்கள்: படுக்கையில் கிடந்தும் என்னை நக்கலடிக்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்.

கிளிநொச்சியில் எங்கள் நெல் கூட்டுறவுச் சங்கத்தின் தரவுத்தளம் அவர் பொறுப்பு. நான் அவருக்கு முன்மேசையில் கணக்குப் பார்ப்பதாகப் பேர். பார்த்தது பெரும்பாலும் ஊர்க்கதை. "காலை ஆட்டாமல் இரும்" என்று நாளாந்தம் அவரிடம் பேச்சு வாங்கினேன்.

சில வருடங்களுக்கு முன், தரவுத்தளத்தைக் கொழும்புத் தலைமையகம் கொண்டுபோகப் பார்த்தது. தரவைச் சேமிக்கும் டிஸ்குகளுக்கென்று விலையுயர்ந்த தனி அலுமாரி எங்களிடம் இல்லை என்பது சாட்டு. அங்கே போனபின் கொழும்பு நெட்வேர்க் லைன் விழுந்தால், உடையார்கட்டிலிருந்து நெல்லோடு வந்தவர் ரசீது கிடைக்காமல் றோட்டில் காய வேண்டியதுதான்.

"தரமாட்டம்" என்று அக்கா மறுத்துவிட்டார். "சண்டைக்குள்ள ஒருக்கா எல்லாத்தையும் விட்டிட்டு ஓடினது காணும். எங்கட சனத்தின்ர விபரம் இஞ்சதான் கிடக்கும்."

இரண்டு சாதாரண சேர்வர்களை எடுத்தார். ஒன்று அலுவலகத்தில், மற்றது களஞ்சியத்தில். இரண்டிலும் பெரிய வெற்று ஃபைல்களை உருவாக்கி, நெட்வேர்க் வழியாகத் தரவுத்தளத்துக்கு அவற்றையே டிஸ்குகளாகக் காட்டினார். எதை எழுதினாலும் இரண்டு இடத்திலும் பதியும். "எதையும் ஒரே இடத்தை நம்பி விடக்கூடாது" என்பது அவர் மந்திரம்.

பார்க்க வந்த கொழும்புப் பொறியியலாளர் சிரித்தார். "அக்கா, இது டிஸ்க் இல்லை, ஃபைல்."

"அது தரவுத்தளத்துக்குத் தெரியாது தம்பி. நீர் சொல்லிக் குடுத்திடாதையும். விரும்பின சேர்வர் ஒண்டை நிப்பாட்டிப் பாரும்."

அவர் களஞ்சியத்துச் சேர்வரை நிறுத்தினார். முள்ளியவளையிலிருந்து வந்து யன்னலில் நின்ற ஒரு அம்மாவுக்கு நெல் ரசீதுத் துண்டு அப்போதும் அச்சாகி வந்தது. அம்மா பஸ்ஸைப் பிடிக்கப் போனார், கொழும்பும் போனது.

அக்காவின் அந்தியேட்டிச் சடங்குகூட முடியவில்லை, கொழும்பிலிருந்து மறுபடி அழைப்பு. "அவா இல்லைத்தானே, இனி எங்களிட்டத் தாங்கோவன்." மனேஜர் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"அவா இல்லை. ரெண்டு சேர்வரும் இருக்கு. தரமாட்டம்."

கொழும்பை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல்முறை. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் 'தரமாட்டம்' ஒன்றைத்தான். இனியும் அதையே சொல்வேன்.

நேற்று, கீழே விழுந்த பேனையை எடுக்க என் மேசைக்குக் கீழே குனிந்தேன். இரண்டு சேர்வர்களின் வயர்களும் அங்கே ஒரே சின்ன நெட்வேர்க் பெட்டிக்குள்தான் வந்து சேர்கின்றன. அதிலிருந்து ஒற்றை வயர்தான் தரவுத்தளம் ஓடும் கணினிக்குப் போகிறது. இத்தனை வருடமும் நான் கால் போட்டு ஆட்டியது அந்தப் பெட்டியின் மேல்.